முடிவு தெரியாத வால்ட்ஸ்

வெள்ளவத்தையில் நான் இருந்த பிளாட்டில் எனக்கு நேர் கீழே, நான்காம் மாடியில் ஒருவர் குடியிருந்தார். அவர் எந்தக் கதையையும் முடித்து நான் கேட்டதில்லை. கதை சொல்லத் தெரியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். குசினிச் சுவரிலிருந்து பல்லி விழுந்ததைக்கூட வேலைக்குப் போவதை மறந்து கேட்கும்படி சொல்லக்கூடியவர். அதுதான் எனக்கு ஆத்திரம்.

காலையில் ஐந்தாம் மாடியில் நான் லிப்டில் ஏறுவேன். நான்காம் மாடியில் அவர் ஏறுவார், கூடவே கதையும் ஏறும். மூன்றாம் மாடியில் யாராவது உள்ளே வந்து, "எப்பிடி அன்ரி, சுகமோ?" என்று கேட்டால் முடிந்தது. அவருக்கு நலம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "எங்க விட்டனான்?" என்பார். விட்ட இடத்தை நான் சொல் பிசகாமல் எடுத்துக்கொடுப்பேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, "சரி, முதலிலயிருந்து சொல்லுறன், அப்பதான் விளங்கும்" என்று தொடங்குவார். அதற்குள் லிப்ட் கீழே வந்துவிடும். பல்லிக்கு என்ன ஆனது என்று எனக்கு இன்றும் தெரியாது.

எனக்கு அப்போது ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. மோதிய கார், எரிந்த கடை என்று வரும் கோப்புகளைப் பார்த்து, முடித்து, பூட்டி வைப்பது என் பாடு. பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். தொட்ட வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட உட்கார முடியாது. அப்படி வளர்ந்த என்னைக் கொண்டுபோய் இந்த மனுஷியின் தலைக்கு மேலே குடியேற்றிய விதியை என்னவென்று சொல்ல.

பிளாட்டில் எல்லோருக்கும் அவர் பியானோ அன்ரி. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் எடுத்து, "பிள்ளை, அது அப்பிடியில்லை" என்று ஆரம்பிப்பார், எனக்கு அன்று வேறு வேலை நடக்காது.

பியானோவை அவர் வாங்கவில்லை, அது வீட்டோடு வந்தது. பிளாட் கட்டும்போதே அந்த வீட்டுக்காரர்கள் பியானோவைக் கயிறு கட்டி பல்கனி வழியாக உள்ளே ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகுதான் பல்கனிக்கு இரும்புக் கிரில் அடித்தார்கள். அவர்கள் கனடாவுக்குப் போகும் நாள் வந்தபோது பியானோ கதவாலும் போகவில்லை, லிப்டுக்குள்ளும் நுழையவில்லை. "வாடகைக்கு வாறவை அதையும் பாத்துக்கொள்ள வேணும்" என்று நிபந்தனை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்ரி முதலில் அதன்மேல் மாதா சொரூபத்தை வைத்தார், மெழுகுதிரி வைத்தார், இஸ்திரி போட்ட உடுப்புகளை அடுக்கினார். ஒருநாள் தூசு தட்டும்போது மூடியைத் திறந்து துணியால் துடைத்திருக்கிறார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு சத்தம் போனதாம். "எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நான் இன்னொருக்கா துடைச்சன்" என்றார். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது.

பகலில் காலி வீதியில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பார். ஒருமுறை கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு நான் அங்கே போனேன். பேச முடியவில்லை, கன்னத்தைக் காட்டினேன்.

"எப்ப தொடங்கினது பல்லுக்கொதி?"

"நேத்து."

"நேற்று எண்டால் காணாது பிள்ளை. இந்தப் பல் முதல் முதல் எப்ப கொதிச்சது? சின்ன வயசில சூத்தை இருந்ததோ? முதலிலயிருந்து சொல்லுங்கோ."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கூட ஆர்வமாகத் திரும்பினார். நான் பால்பல் விழுந்த காலத்துக்குப் போய்த்தான் வைத்தியரிடம் வரவேண்டியிருந்தது.

ஒக்டோபரில் பிளாட்டில் உள்ள கத்தோலிக்கர்கள் அவர் வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். நான் கோயிலுக்குப் போகிற சைவக்காரி, அங்கே போவது கடைசியில் கொடுக்கும் கடலைக்காக. நடுவில் ஒரு மணி தவறிவிட்டதென்று அன்ரிக்குச் சந்தேகம் வந்தால் அந்தப் பத்து மணியும் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மாதாவுக்கே அலுத்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இப்படிப்பட்டவர் பியானோ படித்தால் எப்படி இருக்கும் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மிஸ்ஸிடம் சனிக்கிழமைதோறும் போய்ப் படித்தார். மிஸ்ஸுக்கு வயது அன்ரியில் பாதிகூட இருக்காது. ஆனாலும் மிஸ் மிஸ்தான். அன்ரி அவருக்குப் பயந்து வியாழக்கிழமையே நகம் வெட்டிவிடுவார். சின்னச் சின்னப் பாட்டுகளெல்லாம் முடிந்து, ஒரு வால்ட்ஸ் தொடங்கினார். யாரோ வெள்ளைக்காரன் எழுதியது, பெயரைப் பலமுறை சொன்னார், என் வாயில் நிற்கவில்லை. அழகான மெட்டு. ஒரு கை மெல்ல ஆட்டிவிட, மறு கை மேலே ஓடும். நன்றாக ஏறிப்போய், இனி என்னவோ நடக்கப்போகிறது என்று நாம் காதைக் கூர்மையாக்கும் இடத்தில் இடது கை ஒரு எட்டுப் பாயவேண்டும். அங்கே பிசகிவிடும். "சொறி" என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கும் குரல் வரும், பியானோவிடம்தான் சொல்வார். பிறகு முதலிலிருந்து தொடங்கும்.

தினமும் பின்னேரம் அதே வால்ட்ஸ், அதே இடம், அதே சொறி.

மின்வெட்டு நாட்களில் நிலைமை இன்னும் மோசம். மற்ற நேரத்தில் ரிவிச் சத்தமும் மிக்ஸி சத்தமும் அதை மூடிவிடும். கரண்ட் போனதும் ஐந்து மாடியும் அமைதியாகும், அந்த அமைதிக்குள் வால்ட்ஸ் மட்டும் கேட்கும். வெக்கைக்கு எல்லோரும் பல்கனியில் நிற்போம். மெட்டு ஏறத் தொடங்கும்போது பேச்சு நின்றுவிடும். பாயும் இடம் வரும். "சொறி." மூன்றாம் மாடியில் வான் வண்டி வைத்திருக்கும் அண்ணன், "ஐயோ, திரும்ப ஊருக்குப் போயிட்டா" என்பார். முன்பு இதே அண்ணன்தான் சத்தம் தாங்காமல் விளக்குமாற்றுப் பிடியால் கூரையில் தட்டியவர். இப்போது அவரே, "இண்டைக்குத் தாண்டுவா பாருங்கோ" என்று என்னிடம் பந்தயம் பிடிப்பார். ஒவ்வொரு முறையும் தோற்பார்.

வாசலில் ஒரு செக்யூரிட்டி ஐயா இருந்தார், குருநாகல் பக்கத்துச் சிங்களவர். அவருடைய நாற்காலி அன்ரியின் பல்கனிக்கு நேர் கீழே. காலையில் அன்ரி லிப்டிலிருந்து இறங்கியதும் அவர் எழுந்து நின்று புருவத்தை உயர்த்தி, "இவரத, மிஸ்?" என்று கேட்பார். சிங்களத்தில் முடிந்ததா என்று அர்த்தம். அன்ரி தலையை ஆட்டி, "தாம நே" என்பார், இன்னும் இல்லை. இருவரும் சிரிப்பார்கள். அலுக்காத கேள்வி, அலுக்காத பதில்.

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் என்ன என்று ஒருமுறை அவருடைய குசினியில் நின்று கேட்டேன். அவர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

"விட்ட இடத்துக்குத் திரும்பிப் போன ஆக்களை நான் கண்டதில்லைப் பிள்ளை" என்றார். "நாங்கள் சண்டைக்குள்ள ஊரை விட்டு வந்தம். பிறகு வந்த இடத்தையும் விட்டம். நான் எத்தினை பள்ளிக்கூடத்தில முதலாம் பாடத்திலயிருந்து படிச்சனான் தெரியுமோ? எனக்கு எல்லாப் புத்தகத்திலயும் முதல் பாடம் மனப்பாடம்." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். அது பொய்ச் சிரிப்பில்லை. "ஒண்டு சொல்லட்டே, முதலிலயிருந்து தொடங்கிறது ஒரு சந்தோசம். அதில பிழையே இன்னும் வரேல்லைத்தானே."

போட்டி விஷயத்தையும் லிப்டில்தான் சொல்ல ஆரம்பித்தார். வழக்கம்போல் முழுதாகக் கேட்கக் கிடைக்கவில்லை. கடைசியில் வான்கார அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மேல் மாகாணத்தில் இளம் வாசிப்பாளர்களுக்கும் வளர்ந்துவரும் வாசிப்பாளர்களுக்குமாக ஒரு பியானோப் போட்டி நடக்கிறது, மிஸ் அன்ரியின் பெயரைக் கொடுத்துவிட்டார். இளம் பிரிவுக்கு வயதெல்லை உண்டு. வளர்ந்துவரும் பிரிவுக்குப் படிக்கத் தொடங்கிக் கொஞ்சக் காலமே ஆகியிருக்கவேண்டும் என்பது மட்டுமே விதி. வயதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இத்தனை வயதில் ஒருவர் வளர்ந்துவருவார் என்று எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பிழை வந்தா வரட்டும் அன்ரி, அது பரவாயில்ல. நிக்க மட்டும் வேணாம். நின்னா மார்க்ஸ் வெட்டுவாங்க. திரும்ப முதல்லேந்து தொடங்கினா நேரம் முடிஞ்சு மணி அடிச்சிருவாங்க" என்று மிஸ் சொல்லியிருந்தார். அன்ரி, "ஓம் மிஸ்" என்று பிள்ளைபோலத் தலையாட்டிவிட்டு வந்து, நின்று நின்று முதலிலிருந்து வாசித்தார். போட்டி கிட்டக் கிட்டக் காலையிலும் வாசிப்பு தொடங்கியது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் எனக்கு அலுவலகக் கூட்டமெல்லாம் அந்த வால்ட்ஸோடுதான். எரிந்த கடையொன்றைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போது எங்கள் மேலாளர், "அந்தப் பாட்டு எப்பதான் முடியும்?" என்று கேட்டார். எனக்குப் பொறுமை அறுந்தது. கூட்டம் முடிந்ததும் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"அன்ரி, கோவிக்கக் கூடாது. எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்தப் பாட்டு எப்பிடி முடியுதுன்னு ஒருக்காக் கேக்கணும்."

அவர் விளங்காமல் பார்த்தார். "நீங்கள் கேக்கேல்லையோ?"

"இல்ல."

"ஒருக்காலும்?"

"நான் மட்டுமில்ல. இந்த பிளாட்ல யாருமே கேட்டதில்ல. நீங்க வாசிச்சதே இல்லையே அன்ரி."

அவர் பியானோ ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பின்பாதியை மிஸ்ஸின் வீட்டில் தனியாக வாசித்திருக்கிறார், அங்கே மிஸ் வைத்ததுதான் சட்டம். வீட்டிலோ தொடங்கும் ஒவ்வொரு முறையும் முழுப் பாட்டும் அவர் தலைக்குள் முடிவுவரை ஓடியிருக்கிறது. அது எங்கள் காதுக்கும் வந்துகொண்டிருக்கிறது என்றே நினைத்திருந்தார். "ஐயோ கடவுளே" என்று கன்னத்தில் கை வைத்தார். "இவ்வளவு நாளும் உங்களையெல்லாம் அந்தரத்தில விட்டனானே."

அதற்கு முன்பு அவர் எதையாவது இவ்வளவு தீவிரமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "நீங்கள் எல்லாரும் வரவேணும். அங்க முடிவைக் கேப்பீங்கள். பரிசு கிடைக்குதோ இல்லையோ, அதை நான் வாசிச்சுக் காட்டாமல் எழும்பமாட்டன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வான்கார அண்ணனின் வானில் புறப்பட்டோம். அண்ணன், அவர் மனைவி, நான், இன்னும் இரண்டு மூன்று பேர், முன் சீட்டில் செக்யூரிட்டி ஐயா. அவர் வேறொருவரை வாசலில் நிறுத்திவிட்டு, தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அன்ரி நீலப் பட்டுச்சேலை. காலிமுகத்திடல் வரை வந்துவிட்டோம். அங்கே அன்ரி கைப்பையைத் திறந்து துழாவினார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணாடி."

கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பியானோவே தெரியாது, நோட்ஸ் எங்கே தெரியப்போகிறது. அண்ணன் வானைத் திருப்பினார். பிளாட் வாசலில் நிறுத்தி, "கண்ணாடியை எடுத்துக்கொண்டு கெதியா வாங்கோ அக்கா" என்றார்.

"அதெப்பிடி? போன காரியம் தடைப்பட்டால் அப்பிடியே திரும்பிப் போகக்கூடாது. எல்லாரும் இறங்கி வந்து தண்ணி குடிக்கவேணும்."

"நாங்கள் ஏன்? நீங்கள் குடிச்சிட்டு வாங்கோ."

"பயணம் எல்லாருக்கும்தானே தடைப்பட்டது."

வாதாடினால் இன்னும் தாமதமாகும் என்று இறங்கினோம். லிப்டில் எல்லோரும் ஒரே தடவையில் கொள்ளவில்லை. நான்காம் மாடியில் வரிசையாக நின்று ஆளுக்கொரு மிடறு தண்ணீர் குடித்தோம். செக்யூரிட்டி ஐயாவுக்கு இது என்ன சடங்கு என்று விளங்கவில்லை, ஆனால் மிகுந்த பக்தியோடு குடித்தார். அன்ரி மாதாவுக்கு முன்னால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டி, அப்போதுதான் வீட்டைவிட்டு முதன்முறையாகப் புறப்படுபவர் மாதிரி, "சரி, வெளிக்கிடுவம்" என்றார். கண்ணாடியை எடுத்தீர்களா என்று நான் கேட்டிருக்காவிட்டால் இன்னொரு தண்ணீர் குடிக்கவேண்டி வந்திருக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம். உள்ளே குளிர்சாதனமும் சென்ட் வாசமும். கழுத்தில் போ டை கட்டிய பையன்கள், வெள்ளைச் சொக்ஸ் போட்ட பெண் பிள்ளைகள், அவர்களைவிட நடுங்கிக்கொண்டு பெற்றோர். வாசலில் இலக்கம் கொடுக்கும் பெண் அன்ரியைப் பார்த்துப் புன்னகைத்து, "பிள்ளை எங்க அன்ரி?" என்று கேட்டாள்.

"பிள்ளை நான்தான்" என்றார் அன்ரி, கையை நீட்டி இலக்கத்தை வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டார்.

போட்டியாளர்களோடு மிஸ்ஸும் மேடைக்குப் பின்னால் போய்விட, நாங்கள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தோம். அங்கே ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். ஒரு பிள்ளை வாசித்து முடித்ததும் அந்தப் பிள்ளையின் ஆட்கள்தான் முதலில் கைதட்டுவார்கள், அதற்குப் பிறகே மண்டபம் தட்டும். அவர்களுக்குத்தான் பாட்டு எங்கே முடிகிறதென்று தெரியும். ஒரு அப்பா மட்டும் அவசரப்பட்டு நடுவில் ஒரு சின்ன நிறுத்தத்தில் தட்டிவிட்டார். மேடையிலிருந்த மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் நாற்காலிக்குள் புதைந்துபோனார். வான்கார அண்ணன் எங்கள் எல்லோர் பக்கமும் குனிந்து, "ஒருத்தரும் அவசரப்பட்டுத் தட்டி எங்கட மானத்தை வாங்கிப்போடாதேங்கோ" என்றார்.

அன்ரியின் முறை வந்தது. அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தபோது மண்டபத்தில் ஒரு சலசலப்பு. யாரோ ஒரு பிள்ளையின் ஸ்டூலை உயர்த்த வந்த அம்மா என்று நினைத்திருப்பார்கள். அவர் ஸ்டூலைத் தாழ்த்தினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், வெறுங்காலில்தான் அவருக்குப் பெடல் அடிக்க வரும். கண்ணாடியைப் போட்டார். தொடங்கினார்.

எங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த வால்ட்ஸ். ஆனால் சுவர்களுக்கு ஊடாகக் கேட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. இவ்வளவு அழகானதா இது என்று எனக்குத் தோன்றியது. மெட்டு ஏறத் தொடங்கியது. அண்ணனின் மனைவி என் முழங்கையைப் பிடித்தார். எங்கள் வரிசையில் ஒருவருக்கும் மூச்சில்லை. பாயும் இடம் வந்தது.

இடது கை பிசகியது.

"சொறி" என்றார் அன்ரி. மண்டபம் முழுக்கக் கேட்டது.

கைகள் இரண்டும் விசைகளைவிட்டு மேலே எழும்பின. அந்தக் கை எங்கே இறங்கும் என்று எங்களுக்குத் தெரியாதா. முதல் சுரத்தில்தான் இறங்கும். மணி அடிப்பார்கள், எல்லாம் முடிந்துவிடும். எனக்கு அழுகை வந்தது. ஒரு வால்ட்ஸுக்காக நான் அழுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அன்ரி கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது முகம்.

செக்யூரிட்டி ஐயா எனக்குப் பக்கத்தில் இருந்தார். தினமும் காலையில் செய்வதுபோல, புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

அன்ரியின் உதட்டோரம் அசைந்தது. தினமும் காலையில் செய்வதுபோலவே, மெதுவாகத் தலையை ஆட்டினார். இன்னும் இல்லை. பிறகு திரும்பி, பிசகிய இடத்திலேயே கையை வைத்தார்.

அங்கேயிருந்து மேலே போனார். தினமும் இறங்கும் தரிப்பைத் தாண்டி பஸ் போகும்போது வெளியே எட்டி எட்டிப் பார்ப்போமே, அப்படிக் கேட்டோம். மெட்டு நாங்கள் நினைத்ததுபோல் உயரத்தில் போய் வெடிக்கவில்லை. அது திரும்பியது, வேறொரு பக்கமாக இறங்கியது, இடையில் கொஞ்சம் விளையாடியது. இன்னும் இரண்டு பிழை வந்தது, என் காதுக்கே தெரிந்தது. அவர் நிற்கவில்லை. அண்ணன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பாட்டு மெலிந்து மெலிந்து போய், ஒரு சின்ன ஒற்றைச் சத்தத்தில் நின்றது.

அன்ரி கைகளை மடியில் வைத்தார்.

மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அன்ரியைப் பார்த்தோம். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவர் மனைவியைப் பார்த்தேன். முடிந்துவிட்டதா, அல்லது இதுவும் நடுவில் வரும் நிறுத்தமா? தட்டலாமா? அந்த அப்பாவின் கதி எங்கள் கண்முன்னால் நின்றது. அவருடைய ஆட்கள் என்று அந்த மண்டபத்தில் இருந்தது நாங்கள்தான், எங்களில் ஒருவருக்கும் பாட்டு எங்கே முடியும் என்று தெரியாது. நடுவர்களும் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

அன்ரி ஸ்டூலில் மெல்லத் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். செக்யூரிட்டி ஐயாவைப் பார்த்து, லிப்ட் வாசலில் சொல்லும் அதே சாதாரணக் குரலில் சொன்னார்.

"இவரயி."

முடிந்தது. ஐயா நாற்காலி சரிய எழுந்து நின்று தட்டினார். நாங்கள் எழுந்தோம், அண்ணன் விரலை வாய்க்குள் வைத்து விசிலே அடித்துவிட்டார். பிறகு மண்டபம் முழுவதும் தட்டியது, போ கட்டிய பையன்களும் தட்டினார்கள். மேடை ஓரத்தில் மிஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அன்ரி செருப்பைத் தேடி ஒரு காலில் போட்டுக்கொண்டு, மறு செருப்பைக் கையில் பிடித்தபடி எங்களுக்கு வணக்கம் வைத்தார்.

இடையில் நின்றதற்குப் புள்ளி குறைத்துவிட்டார்கள், பரிசு கிடைக்கவில்லை. பங்குபற்றிய எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே சான்றிதழைத்தான் அச்சடித்திருந்தார்கள் போல, அன்ரியுடையதிலும் இளம் வாசிப்பாளர் என்றே இருந்தது. திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் ரோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும் சாப்பிட்டோம். அன்ரி சான்றிதழைப் பரிமாறுபவரிடம் விரித்துக் காட்டி, "நல்லா வாசிச்சுப் பாருங்கோ தம்பி, இளம் எண்டுதான் போட்டிருக்கினம்" என்றார். அதில் ஒரு எண்ணெய்த் துளி பட்டுவிட்டது. இப்போதும் இருக்கிறது, நான் பார்த்தேன்.

அவர் இப்போது ஹெந்தளையில் தங்கையோடு இருக்கிறார். போகும்போது பியானோவையும் கொண்டுபோகும்படி வீட்டுக்காரர் கனடாவிலிருந்து சொல்லிவிட்டார். கிரிலை வெட்டி, கயிறு கட்டி இறக்கினார்கள். பிளாட்டே கீழே நின்று வேடிக்கை பார்த்தது. பாதி வழியில் கயிறு ஒருமுறை சறுக்க, "திரும்ப மேலே ஏத்தி முதலிலயிருந்து இறக்குங்கோ" என்று அன்ரி கத்தினார். நல்லவேளையாகக் கூலிக்காரர்கள் கேட்கவில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். அன்ரி அவளுக்குப் போட்டிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், நன்றாகவே சொன்னார். கண்ணாடி மறந்ததும், தண்ணீர் குடித்ததும், பிள்ளை நான்தான் என்றதும், எல்லாம் வந்தது. அந்தப் பெண் கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கை பிசகியது, "சொறி" என்றார், கைகள் மேலே எழும்பின. அப்போது வாசல் கேற்றடியில் மீன்காரன் மணி அடித்தான்.

அன்ரி போய் மீன் பார்த்து, பேசி, வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். "எங்க விட்டனான்?"

"கையைத் தூக்கிட்டு எங்களப் பாத்தீங்க" என்றேன் நான்.

"ஓமோம். பொறுங்கோ, முதலிலயிருந்து சொல்லுறன், அப்பதான் விளங்கும்."

அந்தப் பெண் பரிதாபமாக என்னைப் பார்த்தாள். பிறகு என்ன ஆனது என்று கண்ணாலேயே கேட்டாள். எனக்குச் சொல்ல வாய்வரை வந்தது. எதையும் முடித்துப் பூட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லவில்லை. நாங்கள் எத்தனை காலம் காத்திருந்து கேட்ட முடிவு அது. அவளும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு பிஸ்கட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.